சைக்கிளின் பின்விளக்கு

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குப் பல ஆண்டுகளாகச் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவன் என்ற முறையில் இன்று உங்களோடு பேசுகிறேன். விளக்கு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள், முன்விளக்கு எவ்வளவு வெளிச்சம் தரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தெருவிளக்கு உள்ள சாலையில் ஓட்டுகிறவர் அதற்கு முன்பு கேட்க வேண்டியது, பின்னால் வருகிறவர் கண்ணுக்கு நாம் எத்தனை மீட்டருக்கு முன்பே தெரிவோம் என்பதுதான்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, அதே திசையில் நாம் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் விநாடிக்கு 12.5 மீட்டர் குறைகிறது. விளக்கில்லாத சைக்கிள் 30 மீட்டர் தூரத்துக்கு நெருங்கிய பிறகே தெரிந்தால் ஓட்டுநருக்கு இரண்டரை விநாடிகூட இல்லை. கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். 200 மீட்டரிலேயே ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தால் அவருக்கு 16 விநாடி கிடைக்கிறது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் தொழிலாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு என் மனத்தை உறுத்துகிறது.

மின்னும் விளக்கு கவனத்தை உடனே இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிப்பது கண்ணுக்குக் கடினம். ஆகவே நின்று எரியும் விளக்கு ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். மின்னுவதும் வேண்டுமென்றால் இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். மின்கலம் தீர்ந்தாலும் கைவிடாதது சிவப்பு ரிஃப்ளெக்டர். பெடலில் ஒட்டிய ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் அசைவதால், முன்னால் போவது சைக்கிள் என்பதையே ஓட்டுநருக்குச் சொல்லிவிடுகிறது. அத்தனை சிறிய பொருளுக்கு அது பெரிய பயன்.

சக்கரம் சுழலும்போது மின்சாரம் தரும் பழைய டைனமோவை நான் குறைத்துப் பேசமாட்டேன். 6 வோல்ட், 3 வாட் கொண்ட அதற்குச் சார்ஜ் போடும் வேலையே இல்லை. ஆனால் சைக்கிள் நின்றதும் விளக்கும் அணைந்துவிடுகிறது. சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் நேரத்தில்தான் நமக்கு அது தேவை. நின்ற பிறகும் சில நிமிடம் எரியும்படி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி வைத்த பின்விளக்குகள் வருகின்றன; டைனமோ விரும்புகிறவர்கள் அவற்றைக் கேட்டு வாங்கலாம். சார்ஜ் போடும் விளக்கை வேலூர்க் கோடை வெயிலில் நாள் முழுதும் சைக்கிளிலேயே விட்டுவைத்தால் அதன் லித்தியம் மின்கலம் சீக்கிரம் கெட்டுவிடும். கழற்றி எடுத்துச் செல்லுங்கள்.

முன்விளக்கின் சக்தியைவிட அதன் சாய்வு முக்கியம். விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியின் மையம் 40 சென்டிமீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்போது அது சாலையில் 10 மீட்டர் தொலைவில் படியும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசாது.

ஒரு மழைநாள் மாலை, பாலாற்றுப் பாலத்தில் பின்னால் பைக்கில் வந்தவர் என்னை நிறுத்தி, விளக்கு எரியவில்லை என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கேரியரில் கட்டிய சாப்பாட்டுப் பை சரிந்து அதை முழுவதுமாக மூடியிருந்தது. இருக்கைக்குக் கீழே இருந்த அந்த விளக்கை மறுநாளே மட்கார்டின் கடைசி முனைக்கு மாற்றினேன். இப்போது பை கட்டி முடித்ததும், பத்தடி பின்னால் போய் நின்று ஒருமுறை பார்த்துவிட்டே புறப்படுகிறேன்.