முதுமையும் ஞாபகமும்: ஓய்வூதியர் சங்க ஆண்டு விழாவில் பேசியது

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசி, கேசரி சாப்பிட்டவர்களையெல்லாம் கலங்கடித்த டாக்டர் ஐயா அவர்களே, மைக்செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். துண்டு போர்த்திய செயலாளருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று விஷயம் சொல்கிறேன்: வயதானால் மூளையில் எது குறைகிறது, எது குறைவதில்லை, நாம் என்ன செய்யலாம்.

குறைவது வேகம். தெரிந்தவர் பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிடும். புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வயது ஏற ஏறக் கொஞ்சம் சுருங்குகிறது. காலையில் மாத்திரை போட்டோமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும், பயப்படாதீர்கள். பழகிய தெருவிலேயே வழி தவறினால் டாக்டரைப் பாருங்கள்.

குறையாதது எது? ஔவை சொன்னதுதான்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

என் பெரியப்பா தஞ்சாவூர்–கும்பகோணம் தடத்தில் கண்டக்டர். எண்பது வயதில், பேரனைக் கூப்பிட வீட்டிலுள்ள எல்லார் பெயரையும் சொல்லித்தான் அவன் பெயருக்கு வருவார். ஒரு கல்யாணத்துக்கு வேனில் போனோம். ராத்திரி, கரன்ட் இல்லை, டிரைவர் வெளியூர். எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. பின் சீட்டில் தூங்கியவர் கண்ணைத் திறக்காமலே, "பசுபதிகோவில் தாண்டியாச்சு, அடுத்து அய்யம்பேட்டை, அப்புறம் பாபநாசம், சில்லறையா குடுங்க" என்றார். கை, தோளில் இல்லாத பையைத் துழாவுகிறது! சொன்னபடியே அய்யம்பேட்டை வந்தது. டிரைவர் அவரை முன் சீட்டுக்கு மாற்றினான். கும்பகோணம் வரை "போலாம் ரைட்"தான். இறங்கியதும் என்னிடம் கேட்டார்: "யாருக்குப்பா கல்யாணம்?"

நாப்பழக்கம் என்றால் பேச ஆள் வேண்டாமா? மறதி நோய்க்குத் தடுக்கக்கூடிய 14 காரணங்களை லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 2024இல் பட்டியலிட்டது. கேளாத காது, மங்கிய பார்வை, அவற்றோடு தனிமையும் அதில் இருக்கிறது. மற்றதை டாக்டர் ஐயா பார்த்துக்கொள்வார். தனிமைக்கு நம் கிளை நூலகம் இருக்கிறதே! அது மாடியில், கைப்பிடி ஆடுகிறது. சீர்காழியில் பிறந்த நூலகத்துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு 1948இல் நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கட்டியவர்களால் படி ஏற முடியவில்லை.

தலைவர் அம்மா, கீழே தட்டுமுட்டுச் சாமான் போட்டுப் பூட்டிய அறையை நூலகத்துக்குக் கொடுங்கள். மூன்றாவது விஷயத்துக்குள் மணி அடித்துவிட்டார்கள், சரி. சித்திரம் மட்டுமா, கையெழுத்தும் கைப்பழக்கம்தான். மனு சுற்றி வருகிறது. கண்ணாடி கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.