பைன் மரத்துப் பஞ்சும் பைன் தேனும்

வணக்கம் நேயர்களே. ஊரில் செம்பருத்திச் செடியில் மாவு அப்பினாற்போலப் பூச்சி பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் பிசுபிசுக்கும். எறும்பு சாரை சாரையாக ஏறும். அந்த மாவுப்பூச்சிக்கு உறவுக்காரப் பூச்சி ஒன்று நம் மெல்பர்னில் பைன் மரங்களில் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் கிழக்குப் புறநகர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பைன் மரத்தின் பட்டை வெடிப்புகளில் பஞ்சைத் திணித்து வைத்தது போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. விரலால் மெல்ல விலக்கினேன். பஞ்சு என்று நினைத்தது மெழுகு. உள்ளே மஞ்சளாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பூச்சி. மாவுப்பூச்சியும் இதுவும் சேர்ந்த கூட்டத்துக்குச் செதில் பூச்சிகள் என்று பெயர்; அவற்றில் பலவும் கடுகளவுதான் இருக்கும். அவற்றோடு பார்த்தால் இது பெரிய உருவம். பெயர் மார்க்கலினா ஹெலனிகா.

அந்த வாரமே ஓக்லியில் ஒரு கிரேக்கக் கடைக்குப் போனேன். அங்கே பைன் தேன் விற்கிறார்கள். பைன் மரத்துப் பூவில் தேன் கிடையாதே, அப்புறம் எப்படிப் பைன் தேன்? இந்தப் பூச்சி பட்டைக்குள் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சுகிறது. தனக்கு மிஞ்சிய சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. தேனீ அதை எடுத்துப்போய்த் தேனாக்குகிறது. கிரேக்க நாட்டுத் தேனில் பாதிக்கு மேல் இப்படி வருவதுதான். துருக்கியில் மூலா மாகாணம் இதற்குப் பேர்போனது. கடைக்காரப் பெரியவர் சொன்னார், அவருடைய அப்பா தேனீப் பெட்டிகளைக் காட்டுக்குக் கொண்டுபோகும் முன் மரத்தில் பஞ்சு தெரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். வாங்கிய தேன் கறுப்பாக, அவ்வளவு திகட்டாமல் இருந்தது. குளுக்கோஸ் குறைவு என்பதால் சீக்கிரம் உறையவும் இல்லை.

சரி, அங்கே வாழ்வு தருகிற பூச்சியை இங்கே ஏன் பயந்து பார்க்கிறோம்? மரத்தின் பெயரைக் கேளுங்கள். யார் பூச்சியைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த மரத்தில் இருந்தது? அங்கே இதற்குப் பழகிய மரங்கள் துருக்கிப் பைனும் அலெப்போ பைனும். 2014இல் இங்கே கண்டுபிடித்தபோது ரேடியாட்டா பைனிலும் இருந்தது. கலிபோர்னியாக் கடலோரத்திலிருந்து வந்த மரம் அது. இந்தப் பூச்சியை முன்பின் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவில் வீடு கட்டும் மரச்சட்டங்களுக்குப் பெரும்பாலும் அந்த மரம்தான். பூச்சியைக் கூண்டோடு ஒழிக்கப் பார்த்தார்கள், முடியாமல் கைவிட்டார்கள். கிரேக்கத்திலும் எல்லாம் நல்லபடியாக இல்லை. 1990களின் இறுதியில் தேனுக்காகப் புதிய காடுகளில் இதைப் பரப்பினார்கள், மரங்கள் நலிந்ததாக எதிர்ப்பும் கிளம்பியது.

வகைப்பாட்டையும் சொல்ல வேண்டும். 1883இல் இதற்குப் பெயர் வைத்தவர் கிரேக்கரான கென்னாடியஸ். நம் ஊர்ப் பருத்தியையும் மரவள்ளியையும் படுத்துகிற வெள்ளை ஈக்கு 1889இல் பெயர் வைத்தவரும் அவரேதான்! அவர் இதை மோனோபிளீபஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். பிறகு மார்க்கலினா என்று தனிப் பேரினம் ஆயிற்று. வெகுகாலம் மார்கரோடிடே என்ற பெரிய குடும்பத்தில், இடம் தெரியாத பல பூச்சிகளோடு சேர்த்துப் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது மார்க்கலினிடே என்ற சிறு குடும்பம். யார் உறவு என்று தெரிந்தால்தான் யார் எதிரி என்று தேட முடியும்.

எதிரியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பூச்சியைத் தின்கிற, வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஈ கிரேக்கத்தில் உண்டு. அதைக் கொண்டு இங்கே கட்டுப்படுத்த முடியுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அது கைகூடும்வரை ஒன்று செய்யுங்கள்: முகாமுக்குப் போகும்போது பட்டையோடு பைன் விறகு கொண்டுபோகாதீர்கள். பட்டை இடுக்கில் பஞ்சு தெரிந்தால் படம் எடுத்து மாநில வேளாண் துறைக்கு அனுப்புங்கள். எந்த மரம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.