விசுவாசம் குறைந்த நாளில் ஆராதனைப் பாட்டு எழுதலாமா?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மட்டக்களப்பிலிருந்து கதைக்கிறேன். இன்றைக்குச் சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் ஒரே ஒரு கேள்விதான். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மகள் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். சபையில் பாடல் குழுவில் இருக்கிறாளாம், பாட்டும் எழுதுவாளாம். அவள் கேட்டது இது: "ஐயா, பாட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆவியானவர் வரிகளைத் தந்தார் என்று சாட்சி சொல்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் கேட்பதில்லை. வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு விசுவாசமும் குறைந்துபோய்விட்டது. இப்போது 'உம்மை நம்புகிறேன்' என்று எழுதினால் அது பொய்யா?"

முதலில் அந்தச் சாட்சி விஷயம். நான் முப்பது வருடமாக எழுதுகிறேன். என் காதில் யாரும் வந்து வரி சொன்னதில்லை. அப்படிக் கிடைத்தவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் கல்முனை பஸ்ஸில், நெரிசலுக்குள் நின்றுகொண்டு வரும்போது. அதுவும் பாதி வரிதான். மிச்சப் பாதிக்கு மூன்று கிழமை வெட்டுவதும் திருத்துவதுமாகப் போகும். பாடும் மீன் ஊரில் இருந்துகொண்டு பாட்டு எழுத என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர் பகிடியாகக் கேட்பார்கள். அந்த மீன் சத்தத்தைக் கேட்பதற்கே பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற நுனியில் காதை வைத்துக் காத்திருக்க வேண்டும். சும்மா கரையில் நின்றால் பஸ் சத்தம்தான் கேட்கும்.

ஜோன் நியூட்டனின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அடிமை வியாபாரக் கப்பலில் வேலை செய்தவர், புயலில் அகப்பட்டார், மனம் திரும்பினார், உடனே 'அமேசிங் கிரேஸ்' எழுதினார் என்று மேடையில் சொல்லுவோம். நானும் சொல்லியிருக்கிறேன், தப்பு என்மேலும் உண்டு. உண்மையில் புயல் 1748இல். அதற்குப் பிறகும் சில வருடங்கள் அவர் அதே வியாபாரத்தில் இருந்தார். பாட்டை எழுதியது 1772 கடைசியில், ஓல்னி என்ற சிற்றூரில் போதகராக இருந்தபோது. 1773 புதுவருட ஆராதனையில், முதலாம் நாளாகமம் 17ஆம் அதிகாரத்தில் இருந்து செய்யப்போகும் பிரசங்கத்துக்குப் பொருத்தமாக எழுதினார். கணக்குப் பாருங்கள், இடையில் இருபத்துநான்கு வருடம். அந்தப் புயல் அவருக்குள் அவ்வளவு காலம் ஊறிக் கிடந்திருக்கிறது. பேனையை எடுக்க வைத்தது ஒரு சாதாரண ஊழிய வேலை.

உன் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமானவர் அவருடைய நண்பர் வில்லியம் கூப்பர். ஓல்னியில் இருவரும் சேர்ந்து பாட்டு எழுதினார்கள், 1779இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தது. கூப்பர் மனநோயால் மிகவும் துன்பப்பட்டவர். 1773இல் நோய் முற்றிய பிறகு, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார், ஆலயத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார். ஆனால் அவர் எழுதியதை உலகம் இன்றைக்கும் ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கிறது. எழுதினவனால் தாங்க முடியாத பாட்டை அடுத்தவன் தாங்கிக்கொண்டு பாடுகிறான். சபை என்று ஒன்று இருப்பது பின்னே எதற்கு?

சரி, பொய்யா என்று கேட்டாயே. 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறான். அதற்குப் பிறகுதான் நம்பிக்கையாயிருக்கிறேன் என்ற சொல் வருகிறது. 88ஆம் சங்கீதத்தில் அதுகூட இல்லை, கடைசி வரைக்கும் இருட்டுத்தான். அதையும் எடுத்துப் போடாமல் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். மாற்கு 9இல் பிள்ளையின் தகப்பன் கத்திச் சொன்னது நினைவிருக்கிறதா? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டும். அந்த மனிதனைப் பொய்யன் என்று இயேசு சொல்லவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். ஆகவே மகள், பெலன் இல்லாத நாளில் 'நம்புகிறேன்' என்று எழுதுவது பொய்யாகாது. வீட்டில் ஒன்றுமே நடக்காததுபோல எழுதுகிறாயே, பொய் அங்கேதான் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்தது நாவலடியில், கல்லடியில், இந்தக் கரை முழுக்க எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் நான் ஒரு பாட்டு எழுதினேன். சரணத்தில் காற்றும் அலையும் உமது சொல்லுக்கு அடங்கும் என்று வந்தது. வேதத்தில் உள்ளதுதானே, மெட்டும் நன்றாக அமைந்துவிட்டது, எனக்குப் பெருமை வேறு. சபையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் அக்கா இருந்தார். அந்தச் சரணம் வந்ததும் பாட்டுத் தாளை மடித்து மடியில் வைத்துவிட்டார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அப்ப அண்டைக்கு ஏன் அவர் சொல்லல்ல?"

என்ன பதில் சொல்ல? ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு அதே மாற்கு 4ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். இயேசு காற்றை அதட்டுகிற இடத்தைத்தான் நான் எடுத்திருந்தேன். அதற்கு முந்தின வசனத்தில் சீஷர்கள் கேட்கிறார்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" அக்கா கேட்டதும் அதுதானே! வேதத்தில் இருந்த கேள்வியைத் தாண்டி, பதிலை மட்டும் பாட்டுக்குள் வைத்திருக்கிறேன். அந்தச் சரணத்தை எடுத்துவிட்டு அந்தக் கேள்வியையே சரணமாக எழுதினேன். மெட்டும் மாறியது. எங்கள் பக்கத்துத் தாலாட்டின் சாயலில் தானாகப் போய் விழுந்தது. பல மாதத்துக்குப் பிறகு அக்கா அந்தச் சரணத்தை மட்டும் பாடினார். மற்றச் சரணங்களுக்கு இன்றைக்கும் வாய் திறப்பதில்லை. அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஏவுதல் எனக்கு அந்த அக்காவின் வாயால் வந்தது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். உன் பதிவில் பாடிக்காட்டிய வரிகளில் பனிமலை, பனித்துளி எல்லாம் வந்தது. எந்தப் பனிமலையைப் பார்த்தாய்? சென்னையில் இருந்து வரும் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எங்கள் கையும் அப்படியே எழுதப் பழகிவிட்டது. நாங்கள் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் ஏசாயா 1:18ஐப் பார், 'உறைந்த மழையைப்போல்' என்று இருக்கிறது. பனிமழையைக் காணாத சனத்துக்கு விளங்கவேண்டும் என்று, தெரிந்த மழையை எடுத்து உறைய வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகு! உனக்கு முன்னால் வாவி இருக்கிறது, கச்சான் காற்று இருக்கிறது, வயல் வட்டைக்குள் வேளாண்மை விளைந்து நிற்கும்போது மழை பெய்தால் அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். அதை எழுது. 1814இல் முதல் மெதடிஸ்த மிஷனரி இங்கே வந்தார். ஆங்கில மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லை வைத்தும் பாடுகிறோம், தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையும் பாடுகிறோம், இரண்டும் நல்லதுதான். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் நாற்று நடுகிறவளின் பேச்சில் இன்னும் எத்தனை பாட்டு வந்திருக்கிறது, சொல்லு பார்ப்போம்.

எழுத முடியாத காலமும் வரும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் நம்முடைய நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் பலர் இறந்தபோது, யாரோ என்னிடம் உடனே ஒரு பாட்டுக் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் கொப்பியைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான். அதை நான் பின்வாங்கிப்போனதாக எண்ணவில்லை.

கடைசியாக, உன் பதிவின் முடிவில், நிறுத்த மறந்துவிட்டாய்போல, "கதவைப் பூட்டிப்போட்டு அழுதனே, நீங்கள் உள்ளுக்கா இருந்தீங்க?" என்று ஒன்றை முணுமுணுத்திருக்கிறாய். அதை வெட்டிவிடாதே, அதுதான் உன் பல்லவி. சுருதியை மட்டும் ஒன்றரைக் கட்டையாவது இறக்கு. பின்வரிசை வாங்கில் இருக்கிற ஆச்சிமாருக்கு அந்த உயரம் எட்டாது.