செஸ் போர்டுல ரெண்டு கட்டத்த வெட்டினா மொத்த ஆட்டமும் குளோஸ்!

வணக்கம் மக்களே! செஸ் போர்டுல குறுக்கால எதிரெதிரா இருக்குற ரெண்டு மூலைக் கட்டத்த வெட்டிட்டோம்னு வைங்க. மிச்சம் 62 கட்டம் இருக்கு, 31 டாமினோ துண்டு இருக்கு, ஒரு துண்டு பக்கத்து பக்கத்து ரெண்டு கட்டத்த அடைக்கும், கணக்கு பக்காவா டேலி ஆகுது. ஆனா தலகீழா நின்னாலும் அடுக்க முடியாது. நம்பிக்கை இல்லன்னா வீடியோவ பாஸ் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க, நான் எங்கயும் போகல.

1946ல மேக்ஸ் பிளாக்ன்னு ஒரு தத்துவ அறிஞர் கேட்ட புதிர் இது. முழு செஸ் போர்டுன்னா 32 துண்ட 1,29,88,816 விதமா அடுக்கலாம், ஆமா, ஒரு கோடிக்கு மேல! இதுல குறுக்கால எதிரெதிரா இருக்குற ரெண்டு மூலைய வெட்டுங்க, ஒரு வழி கூட மிஞ்சாது.

ஏன்? பெருசு மடங்கலன்னா அதே மாதிரி சின்னதா ஒண்ண எடுத்து பாருன்னு கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா சொல்லுவாரு. சரி, நாலுக்கு நாலு போர்டு. மூலை போக 14 கட்டம், 7 துண்டு. ஆறு துண்டு வெச்சுட்டு மிச்சம் ரெண்டு கட்டத்த பாருங்க. கலைச்சுட்டு வேற மாதிரி வைங்க. திரும்பவும் பாருங்க. ரெண்டும் ஒரே கலர்! எப்படி வெச்சாலும் ஒரே கலர்! ஏன்னா ஒவ்வொரு துண்டும் ஒரு கருப்பு, ஒரு வெள்ளைன்னு ஜோடியாதான் முழுங்கும், நாம வெட்டின ரெண்டு மூலையும் கருப்பு. பெரிய போர்டுல 30 கருப்பு, 32 வெள்ளை. ஜோடி சேராது, முடிஞ்சது. கோடி வழிய தேட வேண்டிய வேலைய கலர் ஒரே வரில முடிச்சிருச்சு பாருங்க, எனக்கு இதான் செம கிக்கு.

இருங்க, இதவிட சூப்பர் ஒண்ணு இருக்கு. ஒரு கருப்பு, ஒரு வெள்ளை, எங்க வேணா வெட்டுங்க, கண்டிப்பா அடுக்கலாம்! ரால்ஃப் கொமோரின்னு ஒரு கணித அறிஞரோட ஐடியா இது. இடது ஓரத்து 8 கட்டத்த திரும்பி வர்றதுக்கு ஒதுக்கிட்டு, மிச்சத்துல இடம் வலமா வளைஞ்சு வளைஞ்சு இறங்கி, அந்த ஓரம் வழியா மேல ஏறி ஆரம்பிச்ச இடத்துக்கே வாங்க, சிக்கு கோலம் மாதிரி கைய எடுக்காம 64 கட்டமும் ஒரே கோடு. அந்த கோட்டுல கருப்பு வெள்ளை மாறி மாறி வருது, அதனால வெவ்வேற கலர்ல ரெண்ட வெட்டினா கோட்டுல மிஞ்சுற ஒவ்வொரு பகுதியிலயும் இரட்டைப்படை கட்டம்தான் இருக்கும், வரிசையா டாமினோவ வெச்சுட்டே போலாம்.

இப்ப உங்களுக்கு ஒண்ணு: 2 கருப்பு, 2 வெள்ளை வெட்டினா எப்பவுமே அடுக்க முடியுமா? மூலைல இருக்குற கட்டத்த கொஞ்சம் உத்து பாருங்க, பதில கமெண்ட்ல தட்டுங்க, அப்படியே சப்ஸ்கிரைப் பட்டனையும்!