கைதட்டிவிட்டுப் போனது நாம்தான்

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணியில் இருக்கும் பெரியவர்களே, மத்தியானம் திரையிட்ட படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் இந்தப் பாளையங்கோட்டை வெக்கையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வயது கடந்த வீரனை வீழ்த்துவது அவனுடைய பிடிவாதமா, கைதட்டிவிட்டுக் கைவிடும் நாமா? இதுதான் தலைப்பு. நாம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

படம் பார்க்காமல் இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் வந்த 'தி ரெஸ்லர்'. டேரன் அரனாஃப்ஸ்கி எடுத்த அமெரிக்கப் படம். ராண்டி என்று ஒரு மல்யுத்த வீரன். 1980-களில் அவன் பெயரைச் சொன்னாலே அரங்கம் நிறையும். இருபது வருஷம் கழித்து, நியூ ஜெர்சியில் சின்னச் சின்னக் கூடங்களில் சனி ஞாயிறுகளில் சண்டை போடுகிறான். மற்ற நாட்களில் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிறான். வாடகை பாக்கி, தங்கியிருக்கும் டிரெய்லர் வீட்டைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு ராத்திரி சண்டை முடிந்ததும் நெஞ்சு அடைத்து விழுகிறான். பைபாஸ் ஆகிறது. இனி மேடை ஏறினால் உயிருக்கு ஆபத்து என்கிறார் டாக்டர். விட்டுப்போன மகளைத் தேடிப் போகிறான். கிளப்பில் ஆடும் பாம் என்ற பெண்ணிடம் ஒரு துணையைத் தேடுகிறான். இரண்டும் கைகூடவில்லை. பழைய எதிராளியோடு முன்பே பேசி, நெஞ்சடைப்புக்குப் பிறகு வேண்டாம் என்று விட்டிருந்த இருபதாம் ஆண்டு மறுபோட்டிக்கு மறுபடியும் சம்மதிக்கிறான். ஏறுகிறான். மார்பைப் பிடித்துக்கொண்டே கயிற்று மூலையில் ஏறி நின்று குதிக்கிறான். திரை இருட்டாகிவிடுகிறது.

எனக்கு முன்னால் பேசிய அக்கா நன்றாகவே கேட்டார்கள். டாக்டர் சொன்னாரே, கேட்டானா? மகள் மனம் இறங்கிச் சேர்ந்து சாப்பிடச் சம்மதித்தாளே, போனானா? பாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தடுத்தாளே, நின்றானா? பிறகு யாரைக் குறை சொல்வது என்று கேட்டார்கள்.

மகள் விஷயத்தில் நான் அவனுக்காக வாதாட மாட்டேன். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி போதையில் கிடந்து, பகலெல்லாம் தூங்கி, காத்திருந்த பிள்ளையை ஏமாற்றினான். அது அவன் செய்த தப்பு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லாமல் போனது அந்த ஒரு ராத்திரியில் மட்டுமா? அவள் வளர்ந்த காலமெல்லாம் அவன் வீட்டில் இல்லை. எங்கே இருந்தான்? ஊர் ஊராக மேடையில் இருந்தான். அவனைப் பார்க்கச் சனம் டிக்கெட் எடுத்து வந்தது. மகளுக்குச் சேர வேண்டிய அப்பாவை அந்தச் சனம்தான் அனுபவித்தது. ஒருத்தருக்கும் அது உறுத்தவில்லை.

இங்கே ஒரு காட்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எதிரணி அதைத் தொடவே இல்லை. என் கட்சி முழுக்க அந்தக் காட்சியில் இருக்கிறது.

பைபாஸ் முடிந்து, டாக்டர் பேச்சைக் கேட்டு, ராண்டி மேடையை விட்டுவிடுகிறான். கேளுங்கள் அக்கா, விட்டுவிடுகிறான். சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சியும் சாலடும் எடை போட்டுக் கொடுக்கும் கவுண்டரில் வேலைக்குச் சேர்கிறான். முதல் நாள் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து போகிறான். கேமரா அவன் முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. போகப் போக ஓர் அரங்கத்தின் ஆரவாரம் கேட்கிறது. அவன் காதுக்குள் இருக்கிற ஆரவாரம் அது. பிளாஸ்டிக் திரையை விலக்கிக் கவுண்டருக்குள் நுழைகிறான், சத்தம் நின்றுவிடுகிறது. சட்டையில் ராண்டி என்று பெயர் போடச் சொல்லிக் கேட்டிருந்தான். பிறந்தபோது வைத்த ராபின் என்ற பெயரைத்தான் குத்திவிட்டிருக்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொள்கிறான். கொஞ்ச நேரத்தில் வேலை பிடித்துப் போகிறது. வருகிறவர்களிடம் கலகலப்பாகப் பேசுகிறான். ஒரு கிழவி கூடக் கொஞ்சம், குறையக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கேட்கிறாள், முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுக்கிறான். பிடிவாதக்காரன் இப்படியா இருப்பான்?

அப்புறம் ஓர் ஆள் வருகிறான். உற்று உற்றுப் பார்க்கிறான். நீ அந்த ராண்டிதானே என்று கேட்கிறான். இல்லை என்கிறான் இவன். அவன் விடவில்லை. அந்தப் பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை. எங்கே இருந்தவன் எங்கே வந்து நிற்கிறான் என்று அளந்து பார்க்கிற பார்வை. ராண்டியின் கை இறைச்சி வெட்டும் மிஷினில் படுகிறது, ரத்தம் கொட்டுகிறது, கடையையே புரட்டிப் போட்டுவிட்டு வெளியேறுகிறான். அதற்குப் பிறகுதான் வேண்டாம் என்று விட்டிருந்த மறுபோட்டிக்கு மறுபடியும் சம்மதிக்கிறான்.

டாக்டர் பேச்சை அவன் கேட்டான் நடுவர் அண்ணாச்சி. கேட்டு வாழ முயன்றவனை, முன்னாள் ரசிகன் ஒருத்தன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வாழவிடவில்லை.

எதிரணித் தம்பி ஒருவர், அதெல்லாம் நடிப்புச் சண்டை, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு எதற்கு இவ்வளவு கண்ணீர் என்றார். பேசி வைத்துக்கொள்வது உண்மை. அதே படத்தில் மணிக்கட்டுக் கட்டுக்குள் பிளேடுத் துண்டை மறைத்து வைத்து, தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்கிறான் பார்த்தீர்களா? ரத்தம் தெரிந்தால்தான் கூட்டம் எழுந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

சரி, அமெரிக்காவை விடுங்கள். நம்ம ஊருக்கு வருகிறேன்.

கோயில் கொடைத் திருவிழா நடக்கிற ஊர்களில் ராத்திரிக் கபடி பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். ஃபிளட் லைட், மைக் செட், சுழற்கோப்பை, மண்தரை. வள்ளியூர்ப் பக்கத்து ரைடர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அவர் பாடிப் போனால் கார்னரில் நிற்கிறவன் கால் தானாகப் பின்னால் போகும். ஒரு ராத்திரி ஆட்டத்தில் முட்டு திரும்பிவிட்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் என்றதும், காசுக்கு எங்கே போக? எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். வீட்டில் அவர் மனைவி பீடி சுற்றித்தான் அடுப்பு எரிந்தது. ரெண்டு மாதம் கழித்து அடுத்த ஊரில் டோர்னமெண்ட். வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, நீங்க எறங்குனாத்தான் கூட்டம் நிக்கும். ஒரே ஒரு ரைடு போட்டுட்டு வந்துருங்க." முட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு இறங்கினார். அடுத்த ஊரிலும் இறங்கினார். இப்போது வாழைத்தார் ஏற்றி இறக்குகிறார், ஒரு காலை இழுத்துக்கொண்டு. மார்க்கெட்டில் யாராவது அடையாளம் கண்டு, "என்ன வே, நீரு அந்த ரைடர்லா?" என்று கேட்டால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். படத்தில் அந்தக் கவுண்டர் காட்சி வந்தபோது எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது.

இதையும் பிடிவாதம் என்பீர்களா? வாசலில் வந்து கூப்பிட்டவர்கள் நாம். கொடை முடிந்த மறுநாள் பந்தக்காலைப் பிடுங்குகிற மாதிரி அவரைப் பிடுங்கிப் போட்டுவிட்டோம்.

முட்டு கிழிந்தால் எல்லோர் கதையும் இப்படியா முடிகிறது? கபடி ரைடர் பவன் செராவத்தை இளைஞர்களுக்குத் தெரியும். 2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முட்டில் அடி. அந்த சீசன் முழுக்க ஆட முடியவில்லை. அடுத்த வருஷம் என்ன ஆயிற்று? ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வாங்கினார். அதே மாதம் நடந்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தது. அவர் உழைப்புக்கு வணக்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடிபட்டவர் தேறி வருகிறவரைக்கும் அவருக்குச் சோற்றுக்குப் பஞ்சம் இல்லை, நல்ல டாக்டர் இருந்தார். வள்ளியூர்க்காரருக்கு எண்ணெய்க் கட்டு.

கபடி வீரர் மணத்தி கணேசன் அண்ணனை எதிரணி எடுத்துக்காட்டினார்கள். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம், அர்ஜுனா விருது, இன்றைக்கும் தலை நிமிர்ந்து நிற்கிறார், ஒழுக்கமும் கட்டுப்பாடும் இருந்தால் யாரும் நிற்கலாம் என்றார்கள். அவர் நம்ம மண்ணின் பெருமை. ஆனால் இந்திய ஜெர்சி போட்டவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஒரு வழி இருக்கிறது. மாவட்ட அளவோடு நின்று போன நூறு பேருக்கு என்ன வழி? ஒழுக்கம் அவர்களிடமும் இருந்தது.

இந்திய ஜெர்சியும்கூட எப்போதும் காப்பாற்றிவிடாது. கஷாபா ஜாதவ் என்று ஒரு மல்யுத்த வீரர், மகாராஷ்டிரக்காரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் வாங்கிக் கொடுத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் ஊர் திரும்பியபோது நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகளில் ஊர்வலம் வைத்தார்கள். பிற்காலத்தில் அதே மனிதர் ஓய்வூதியத்துக்காக அலைந்தார். 1984-ல் சாலை விபத்தில் இறந்து போனார். அர்ஜுனா விருது அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான் வந்தது. வண்டி கட்டி ஊர்வலம் விட்ட ஊர் அத்தனை வருஷமும் எங்கே போயிற்று? இவர் போதையில் கிடந்தவரும் இல்லை, மகளை ஏமாற்றியவரும் இல்லை. எதிரணி எந்தப் பிடிவாதத்தை இவர் மேல் சொல்லும்?

மறுபடியும் படத்துக்கு வருகிறேன். கடைசிச் சண்டைக்கு முன்னால் ராண்டி மைக்கைப் பிடித்துப் பேசுகிறான். நீ முடிந்துவிட்டாய் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், ஆனால் அதைச் சொல்லும் உரிமை இங்கே கூடியிருக்கிற உங்களுக்குத்தான் உண்டு என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். தீர்ப்பைக் கூட்டத்தின் கையில் கொடுத்துவிட்டான். அத்தனை பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், போதும் ராண்டி, வீட்டுக்குப் போ என்று சொன்னாரா? கத்தினார்கள். சண்டை நடுவில் அவன் தடுமாறுவதைக் கவனித்து, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அவசரப்படுத்துகிறவன் யார் தெரியுமா? எதிராளியாக ஆடும் பாப். அடி வாங்கிக்கொண்டிருக்கிறவனுக்குத் தெரிந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த பாப்பையும் கவனியுங்கள். இவனும் ராண்டி காலத்து ஆள், அதே மாதிரி அடிபட்டவன். ஆனால் பழைய கார் விற்கிற தொழில் வைத்திருக்கிறான். ஒரு ராத்திரிக்கு வந்தான், ஆடினான், திரும்பிப் போக அவனுக்குக் கடை இருக்கிறது. மேடையை விட்டு இறங்கினால் கால் வைக்க ஓர் இடம் இருக்கிறவன் நிம்மதியாக இறங்குகிறான்.

பாம் வந்தாளே என்று கேட்டீர்கள். வந்தாள், உண்மை. அன்பாகத்தான் வந்தாள். ஆனால் அதற்கு முன்னால் அவன் அவளிடம் போய் நின்றபோது, நீ வாடிக்கையாளன், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பியவளும் அவள்தான். அவளைக் குறை சொல்லவில்லை, அவள் பாடு அவளுக்கு. மனசு மாறி அவள் ஓடி வந்தபோது அவன் பெயரை மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தாமதம்.

கடைசியாகப் படத்துக்கு வெளியே இருந்து ஒரு சாட்சி. ராண்டியாக நடித்தவர் மிக்கி ரூர்க். 1980-களில் பெரிய நட்சத்திரம். 1991-ல் நடிப்பை ஒதுக்கிவிட்டுத் தொழில்முறை குத்துச்சண்டைக்குப் போனார். முகம் சிதைந்தது. அடையாளமே மாறியது. நல்ல வாய்ப்புகள் குறைந்துபோயின. பிடிவாதத்துக்கு இவரைவிடப் பெரிய உதாரணம் எதிரணிக்குக் கிடைக்காது. இந்தப் படத்துக்கு அவரைப் போட்டால் பணம் கிடைப்பது கஷ்டம் என்றார்கள், வேறு நடிகரின் பெயர் அடிபட்டது. இயக்குநர் விடவில்லை, இவர்தான் வேண்டும் என்று நின்றார். குறைந்த செலவில் எடுத்தார்கள். படம் 2008 வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் என்ற முதல் பரிசை வாங்கியது. அடுத்த ஆண்டு ரூர்க்குக்குச் சிறந்த நடிகருக்கான கோல்டன் குளோப், ஆஸ்கருக்கும் பரிந்துரை. ஐம்பதைத் தாண்டிய, உடைந்த முகத்தோடு இருந்த மனிதர். அதே பிடிவாதம், அதே உடம்பு. மாறியது ஒன்றுதான்: ஒருத்தர் அவருக்கு இடம் கொடுத்தார். திரையில் ராண்டிக்கு அப்படி ஒருத்தர் இல்லை.

நடுவர் அண்ணாச்சி, தீர்ப்பு உங்கள் கையில். இந்தக் கூட்டத்தில் கொடைக் கமிட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். அடுத்த கொடைக்கு வரி பிரிக்கும்போது கபடிப் பரிசுப் பணத்தோடு, அந்த ராத்திரி அடிபடுகிறவனின் வைத்தியத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்கி நோட்டீசிலேயே அச்சடியுங்கள். உங்கள் ஊரில் ஆடி ஓய்ந்தவர்களை ஒரு ரைடு போடச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். சம்பளம் பேசி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூப்பிடுங்கள், நடுவராக விசில் ஊதக் கூப்பிடுங்கள். வள்ளியூர்க்காரரை நானே போய் அழைத்து வருகிறேன். நன்றி, வணக்கம்.