பன்னிரண்டு பேரும் மேடைக்கு வர வேண்டும்

(கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் ஆண்டு விளையாட்டு விழாவில், ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பரிசு பெறக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

விழா தொடங்கும் முன் நிகழ்ச்சி நிரலை என் கையில் கொடுத்தார்கள். மண்டலப் போட்டியில் முதலிடம் பெற்ற கபடி அணிக்கான கோப்பையை அணித்தலைவரும், சிறந்த ஆட்டக்காரருக்கான கேடயத்தை மற்றொரு மாணவரும் பெற்றுக்கொள்வார்கள் என்று அதில் உள்ளது. நுழைவாயிலுக்கு அருகில் மாட்டியிருக்கும் மரப்பலகையிலும் ஆண்டுக்கு ஒரு பெயர்தான் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. இந்த வழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். பணியில் இருந்த காலத்தில் நானும் இதே வழக்கத்தைத்தான் பின்பற்றினேன். அது போதாது என்று உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இமாகுலாட்டா என்றொரு கல்வி நிறுவனம் உண்டு. கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திய சிறிய பெண்கள் கல்லூரியாக அது இருந்த 1970ஆம் ஆண்டில், கேத்தி ரஷ் என்ற இளம்பெண் அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஓர் ஆண்டுக்கு அவருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் 450 டாலர். கல்லூரியின் விளையாட்டரங்கம் 1967இல் தீக்கிரையாகிவிட்டதால், மடத்தின் அடித்தளக் கூடத்தில்தான் பயிற்சி நடந்தது. மாணவிகள் தங்கள் சீருடையைத் தாங்களே துவைத்து உலர்த்தி மறுபடியும் அணிந்துகொண்டு ஆடினார்கள்.

1972இல் கல்லூரிப் பெண்களுக்கான தேசிய கூடைப்பந்துப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. அங்கே போவதற்கான விமானச் செலவுக்குக் கல்லூரியிடம் பணம் இல்லாததால், மாணவிகள் பல் துலக்கும் பிரஷ்களை விற்றுக் காசு சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தும் அணியில் இருந்த 11 பேரில் எட்டுப் பேர்தான் போக முடிந்தது. 16 அணிகளில் 15ஆவதாகத் தரவரிசைப்படுத்தப்பட்டிருந்த அந்த அணி, சில நாள்களுக்கு முன் மண்டலப் போட்டியில் தன்னை 32 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியிருந்த வெஸ்ட் செஸ்டர் அணியையே இறுதி ஆட்டத்தில் சந்தித்து, 52க்கு 48 என்ற கணக்கில் வென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர்களே சாம்பியன்கள். அவர்களுடைய ஆட்டங்களில் அருட்சகோதரிகள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, இரும்பு வாளிகளைக் குச்சியால் தட்டித் தட்டி உற்சாகப்படுத்தினார்கள் என்பதைப் படித்தபோது, நம் ஊர்த் திடலில் தகர டப்பாவைத் தட்டும் சிறுவர்கள் என் கண்முன் வந்தார்கள்.

எனக்கு அந்த எட்டுப் பேரைவிட, விமானம் ஏறாத மூவரின் நினைவுதான் அடிக்கடி வருகிறது. அவர்களும் அதே அடித்தளக் கூடத்தில் மாலைதோறும் ஓடியவர்கள்; வெற்றி பெற்ற நாளில் அவர்கள் அந்த ஆடுகளத்தில் இல்லை. 2014இல், கூடைப்பந்துச் சாதனையாளர்களைப் போற்றும் நெய்ஸ்மித் புகழரங்கம் இமாகுலாட்டாவைச் சேர்த்துக்கொண்டபோது, 1972 முதல் 1974 வரையிலான அணி என்றே பெயர் சூட்டியது. அந்தப் பெயருக்குள் ஊரில் தங்கிவிட்ட மூவருக்கும் இடம் உண்டு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் கபடிக் களத்துக்கு வருகிறேன். கபடியில் ஏழு பேர் களத்தில் நிற்பார்கள், ஐந்து பேர் வெளியே அமர்ந்திருப்பார்கள். பெரிய கல்லூரியில் ஐம்பது பேர் விண்ணப்பிப்பார்கள். பயிற்சிக்கென்றே இரண்டு மூன்று அணிகள் அமைந்துவிடும். சிறிய கல்லூரியில் அந்த வசதி இல்லை. போன வாரம் மாலை ஐந்தரை மணிக்கு நான் உங்கள் திடலோரத்தில் நின்று பார்த்தேன். ஏழு பேர் பிடி பழகுவதற்காக வளைந்து நிற்க, எதிரே பாடி வந்தவர்கள் அந்த ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள்தான். ஒரு மாணவர் ஒரே மாலையில் இருபது தடவைக்குமேல் பாடிப் போனார். ஒவ்வொரு தடவையும் கணுக்காலைப் பிடித்து அவரைக் கீழே சாய்த்தார்கள். முழங்கையில் மண் அப்பியிருக்க எழுந்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, கோட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் மூச்சைப் பிடித்தார். மண்டலப் போட்டியில் உங்கள் இடது மூலை ஆட்டக்காரர் பிடித்த பிடிகளை ஊரே பேசுகிறது. அந்தப் பிடி எந்தக் காலில் பழகி உருவானது என்று நான் பார்த்துவிட்டேன். மண்டலப் போட்டியில் அந்த மாணவர் ஒரு நிமிடம்கூடக் களமிறங்கவில்லை.

தடகளத்தில் தனியாக வெல்பவர்களுக்கும் இது பொருந்தும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் பெற்றார். அவரை உயரம் தாண்டுதலின் பக்கம் திருப்பியவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். உயரம் தாண்டிப் பழகும் எவருக்கும், கீழே விழும் கம்பியை ஒவ்வொரு தடவையும் எடுத்து வைக்க இன்னொருவர் மாலை முழுவதும் நிற்க வேண்டியிருக்கிறது.

இதனால் தனிச் சிறப்புக்கு விருது கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறந்த ஆட்டக்காரருக்கான கேடயம் அந்த மாணவருக்கு முழுமையாக உரியது. அவர் தலைநிமிர்ந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதே மேடையில் அணியும் முழுதாக நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அறுநூறு பேர் படிக்கும் கல்லூரியில் பன்னிரண்டு பெயர்களை உரக்கப் படிக்க ஒரு நிமிடம் போதும். மாற்று ஆட்டக்காரரின் தாய் பேருந்து பிடித்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கலாம். தன் மகன் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிப்பதை அவர் கேட்கட்டும்.

மரப்பலகையைப் பற்றி முதல்வர் அவர்களிடம் சற்று முன்புதான் பேசினேன். இந்த ஆண்டு முதல் அணியினர் அனைவரின் பெயரையும் எழுத அவர் இசைந்திருக்கிறார். இடம் போதாவிட்டால் இரண்டாவது பலகைக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். களத்துக்குக் கோடு போட்டு, தண்ணீர் தெளித்து மண்ணைப் பதப்படுத்தி வைத்த திடல் பணியாளரின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் கபடிக் கோப்பை அடுத்ததாக வருகிறது. அணித்தலைவர் தம்பி, தனியாக வர வேண்டாம். ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் முதலில் ஏறட்டும், ஏழு பேரும் பின்னால் வாருங்கள். படி குறுகலாக இருக்கிறது, ஒவ்வொருவராக வாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.