முதலில் அடைப்பது, அப்புறம் சுடுவது: கல்லீரல் கட்டிக்கு இரட்டைச் சிகிச்சை

[திரையில்: கல்லீரலின் வரைபடம். இரண்டு ரத்தக் குழாய்கள் உள்ளே போகின்றன.]

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக; மீதி ஹெபாட்டிக் தமனி வழியாக. ஆனால் கல்லீரலிலேயே உருவாகும் புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தமனியிலிருந்துதான் இழுத்துக்கொள்கிறது. அந்தத் தமனிக் கிளையை மட்டும் அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரலின் மற்ற பகுதி தாக்குப்பிடிக்கும்.

இதைச் செய்வதுதான் டேஸ் (TACE) என்ற சிகிச்சை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு சிறு துளை போட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைக் கட்டிக்குப் போகும் கிளை வரை கொண்டுசெல்கிறார்கள். அங்கே கீமோ மருந்தைச் செலுத்திவிட்டு, ரத்த ஓட்டத்தைத் துகள்களால் அடைக்கிறார்கள்.

[திரையில்: தோல் வழியாகக் கட்டிக்குள் இறங்கும் ஊசி.]

இன்னொரு வழி சுடுவது. ஸ்கேன் பார்த்து ஊசியை நேராகக் கட்டிக்குள் இறக்கி, ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சூடாக்குவார்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே சாகும். கட்டியோடு, அதைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை நல்ல திசுவையும் சேர்த்துச் சுடுவதுதான் பாதுகாப்பு.

சரி, இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்?

டேஸ் மட்டும் செய்தால் கட்டியின் ஓரத்தில் உயிருள்ள செல்கள் தங்கிவிடுவது சகஜம். சுடுவதற்கு வேறு சிக்கல். கட்டி 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் வெப்பம் ஓரம் வரை எட்டாமல் போகலாம். பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய் இருந்தால் இன்னும் மோசம். ஓடும் தண்ணீரில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு சூடேற்றப் பார்ப்பது போல, ரத்தம் வெப்பத்தை அடித்துக்கொண்டு போய்விடும்.

முதலில் தமனியை அடைத்துவிட்டால் இந்தக் குளிர்விப்பு குறைகிறது. அதே ஊசி, அதே நேரத்தில் அகலமான பரப்பைச் சுடும். டேஸில் சேர்க்கும் லிப்பியோடால் எண்ணெய் கட்டிக்குள் தங்கி, சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். ஊசியை எங்கே இறக்குவது என்று குறிபார்க்க அது உதவுகிறது. கண்ணுக்குத் தப்பிய குட்டிக் கட்டிகளுக்கும் மருந்து போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

2013இல் சீனாவிலிருந்து வெளியான ஒரு ஆய்வில், 7 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகள் உள்ள 189 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் சுமார் 62 சதவீதம் பேர் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ரேடியோ அலை மட்டும் பெற்றவர்களில் அது 45 சதவீதம்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் இரண்டையும் செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் 2 சென்டிமீட்டர் கட்டிக்கு ஊசியால் நன்றாகச் சுடுவது ஒன்றே பெரும்பாலும் போதும். டேஸ் சேர்த்தால் கல்லீரலுக்கு வீண் சுமை. என் கணக்கில் இந்த ஜோடிக்குப் பொருத்தமான இடம், ஆபரேஷன் செய்ய முடியாத 3 முதல் 5 சென்டிமீட்டர் வரையிலான கட்டி. அதிலும் கட்டியின் அளவை விடக் கல்லீரலின் தெம்புதான் முக்கியம். இந்த நோயாளிகள் பலருக்கு ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய், இருக்கும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிருபின் ரத்தத்தில் ஏறி, வயிற்றில் நீர் கோத்திருந்தால், கட்டியை ஒழிக்கப் போய்க் கல்லீரலே கைவிட்டுவிடும். போர்ட்டல் சிரையின் முக்கியப் பாதை அடைபட்டிருந்தாலும் தமனியில் கைவைக்க மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

டேஸுக்குப் பிறகு சில நாட்கள் காய்ச்சல், வலி, குமட்டல் வரலாம். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

[திரையில்: அடைத்த தமனியைச் சுற்றிப் புதிய குழாய்கள் முளைக்கின்றன.]

அடைத்த கட்டி சும்மா இருக்காது. ஆக்சிஜன் குறைந்ததும் புதிய ரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் சமிக்ஞைகளை அனுப்பும். அதனால்தான் அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் பெவாசிசுமாப், உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் துர்வாலுமாப் இரண்டையும் டேஸோடு சேர்த்து எமரால்ட்-1 ஆய்வில் சோதித்தார்கள். நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்), டேஸ் மட்டும் பெற்றவர்களுக்கு 8.2 மாதம்; மூன்றும் பெற்றவர்களுக்கு 15 மாதம். ஆனால் நோய் தள்ளிப்போவது வேறு, ஆயுள் கூடுவது வேறு; இந்த எண்ணை ஆயுள் கூடியதாகப் படித்துவிடக் கூடாது.

[திரையில்: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் படங்கள்.]

சிகிச்சை முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி ஸ்கேன் எடுப்பார்கள். செத்த பகுதி கான்ட்ராஸ்டை ஏற்காது. உயிருள்ள பகுதி, மருந்து தமனி வழியாக வந்துசேரும் கட்டத்தில் பளிச்சென்று தெரியும். லிப்பியோடாலின் வெள்ளை சி.டி.யில் இதை மறைத்துவிடலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. கேட்பது உண்டு. ஓரத்தில் எங்காவது பளிச்சிட்டால், அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ஊசி.